பாட்டும் ஒரு கருப்பொருள்

(பொத்தேரியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒரு பாட்டைக் கேட்டதும் தொண்டை அடைக்கிறது. முப்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு சாயங்காலம் கண்முன் வந்து நிற்கிறது. இது எப்படி நடக்கிறது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். உங்களில் பாதிப் பேர் மின்சார ரயிலில் வந்து பொத்தேரி நிலையத்தில் இறங்கியிருப்பீர்கள். அதனால் ரயிலிலிருந்தே தொடங்குகிறேன்.

கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931இல். இன்று அந்தத் தடத்தில், ஒரு தோளில் ஸ்பீக்கர் பெட்டியும் ஒரு கையில் மைக்குமாகப் பாடிக்கொண்டு வரும் பார்வையற்ற பாடகர்களை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். அவர்கள் என்ன பாடுகிறார்கள் என்று கவனியுங்கள். போன மாதம் வெளிவந்த பாட்டை அவர்கள் அநேகமாகத் தொடுவதில்லை. ஐம்பதைத் தாண்டியவர்கள் உட்கார்ந்திருக்கும் பெட்டி என்றால் எம்.எஸ். விஸ்வநாதன் காலத்துப் பாட்டு. அலுவலகம் முடிந்து திரும்பும் நடுத்தர வயதுக்காரர்கள் நிறைந்த பெட்டி என்றால் எண்பதுகளின் இளையராஜா. கூட்டத்தின் பேச்சுக் குரலைக் கேட்டே அதன் வயதை அளந்துவிடுகிறார்கள். குரோம்பேட்டையில் தொடங்கிய பாட்டு கிண்டி வருவதற்குள் எந்த இடத்தில் எந்தக் கை சட்டைப்பைக்குப் போகும் என்பது அவர்களுக்குத் தெரியும். வயிற்றுப்பாட்டுக்காகக் கற்ற படிப்பு அது. நான் இங்கே சொல்லப்போவதன் பாதி அந்தப் படிப்பில் அடக்கம்.

நம்மிடையே வேறொரு நம்பிக்கை வலுவாக இருக்கிறது. உணர்ச்சி ராகத்துக்குள்ளேயே இருக்கிறது என்பது அது. முகாரி என்றால் அழுகை, நீலாம்பரி என்றால் தூக்கம், மோகனம் என்றால் மகிழ்ச்சி. கேட்பவர் யாராக இருந்தாலும், எந்த ஊராக இருந்தாலும், மாத்திரையைப் போல வேலை செய்யும் என்று நினைக்கிறோம். இந்த ராகம் ரத்த அழுத்தத்துக்கு, அந்த ராகம் சர்க்கரைக்கு என்று அட்டவணை போட்டு விற்கும் அளவுக்கு இது வளர்ந்திருக்கிறது. எனக்கு அந்த அட்டவணையில் நம்பிக்கை இல்லை. ஏன் என்று சொல்ல இரண்டு உதாரணங்கள் போதும்.

முதலாவது சிவரஞ்சனி. தமிழ் சினிமா அந்த ராகத்தைப் பெரும்பாலும் துக்கத்துக்கும் பிரிவுக்கும்தான் எடுத்து ஆண்டிருக்கிறது. திரையில் அது தொடங்கினாலே கைக்குட்டையைத் தேடுகிறவர்கள் உண்டு. ஆனால் அகில இந்திய வானொலி காலையில் நிலையத்தைத் திறக்கும்போது ஒலிக்கும் அந்த முகப்பு இசை இருக்கிறதே, தம்பூராவின் மேல் வயலின் மெல்ல ஏறி வருமே, அதுவும் சிவரஞ்சனிச் சாயல்தான். அதை அமைத்தவர் வால்டர் காஃப்மன் என்ற யூதர். செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து 1930களில் பம்பாய்க்கு வந்து, வானொலியில் மேற்கத்திய இசைப் பிரிவைப் பார்த்துக்கொண்டவர். ஐரோப்பாவில் தன் இனத்துக்கு என்ன நேரப்போகிறது என்ற கவலையோடு இங்கே இருந்த ஒரு மனிதர் கட்டிய மெட்டு அது. சோகம் அதில் இருக்க எல்லா நியாயமும் உண்டு. ஆனால் நாற்பது வயதைக் கடந்த எந்தத் தமிழரையாவது கேட்டுப் பாருங்கள். வாசல் தெளிக்கும் சத்தம், பால்காரரின் மணி, அடுப்பில் காப்பி, பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் அவசரம், இவைதான் நினைவுக்கு வரும். அழுகிறவர் யாருமில்லை. ராகம் அதுவேதான், வீட்டில் அது வந்து உட்கார்ந்த வேளை வேறு.

இரண்டாவது உதாரணம் இன்னும் வலுவானது. ஷெனாய் வடநாட்டில் மங்கல வாத்தியம். கல்யாணத்துக்கு அது இல்லாமல் முடியாது. 1947இல் நாடு விடுதலை பெற்றபோது செங்கோட்டையில் பிஸ்மில்லா கான் வாசித்ததும் அதுதான். நம் நாகஸ்வரத்துக்கு அங்கே உள்ள உறவுக்காரர் என்று சொல்லலாம். அதே ஷெனாயைத் தமிழ்நாட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் தனியாக ஒலிக்க விட்டுப் பாருங்கள். பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். “என்ன இது, எழவு வீடு மாதிரி” என்பார்கள். ஏன்?

நேரு மறைந்தது 1964 மே 27. இந்திரா காந்தி கொல்லப்பட்டது 1984 அக்டோபர் 31. எம்.ஜி.ஆர். மறைந்தது 1987 டிசம்பர் 24. இப்படிப்பட்ட நாட்களில் வானொலியும் தொலைக்காட்சியும் வழக்கமான நிகழ்ச்சிகளை நிறுத்திவிட்டுச் சோக இசை ஒலிபரப்பும். ஷெனாய், சாரங்கி, வீணை, வயலின் என்று மாறி மாறிப் போய்க்கொண்டிருக்கும். கடைகள் மூடியிருக்கும். பேருந்து ஓடாது. பக்கத்து வீட்டு ரேடியோவிலும் எதிர்வீட்டு ரேடியோவிலும் ஒரே வாத்தியம். பெரியவர்கள் தணிந்த குரலில் பேசிக்கொள்வார்கள். ஒரு தலைமுறைத் தமிழ்க் குழந்தைகள் ஷெனாயை முதலில் கேட்டது கல்யாணத்தில் இல்லை. இந்த வெறிச்சோடிய தெருக்களில்தான். போதாததற்குத் தமிழ்ப் படங்களும் சாவுக் காட்சி வந்தால் ஷெனாயை எடுத்துக்கொண்டன. காசியில் மணமேடையில் இருந்த வாத்தியம் இங்கே வந்து பாடைக்குப் பக்கத்தில் நின்றுவிட்டது. வாத்தியத்தின் துளையும் சீவாளியும் அப்படியேதான் இருக்கின்றன. கேட்ட இடமும் வேளையும் மாறிவிட்டன.

இதைத்தான் தொல்காப்பியர் வேறொரு வழியில் கண்டிருக்கிறார் என்று எனக்குப் படுகிறது. பொருளதிகாரத்தில் ஒரு நிலத்துக்கு உரிய கருப்பொருள்களை அடுக்கும்போது, தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, தொழில் ஆகியவற்றின் வரிசையிலேயே பறையையும் யாழையும் வைக்கிறார். இசைக்கென்று தனிப் பீடம் போடவில்லை. தினையும் மயிலும் வேங்கை மரமும் எப்படிக் குறிஞ்சிக்கு உரியவையோ, அப்படியே அங்கே ஒலிக்கும் யாழும் பறையும் அந்த நிலத்துக்கு உரியவை. பிற்காலத்து நம்பி அகப்பொருளும் உரைகாரர்களும் இதை விரித்து, குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை என்று பிரித்துக் காட்டினார்கள். முதற்பொருள் நிலமும் பொழுதும். உரிப்பொருள் புணர்தலும் பிரிதலும் இருத்தலும் இரங்கலும் ஊடலும். இரண்டுக்கும் நடுவில் நின்று, நிலத்தையும் பொழுதையும் உணர்ச்சியோடு முடிச்சுப்போடுவது கருப்பொருள். இசை உணர்ச்சியைத் தூண்டுவது எப்படி என்ற கேள்விக்கு இதைவிடக் கச்சிதமான ஒரு வரைபடத்தை நான் வேறெங்கும் பார்க்கவில்லை. பாட்டு ஒரு கருப்பொருள். அதைத் தொட்டால் அதன் நிலமும் பொழுதும் கூடவே எழுந்து வரும்.

இன்னொரு நுட்பமும் அங்கே உண்டு. உரிப்பொருள் தவிர மற்றவை ஒரு திணையிலிருந்து இன்னொரு திணைக்கு மயங்கிப் போகலாம் என்று தொல்காப்பியர் இடம் விட்டிருக்கிறார். ஷெனாய் காசியிலிருந்து கிளம்பி நம்மூர் இரங்கலோடு சேர்ந்துகொண்டது அப்படி ஒரு மயக்கம் என்று நான் வாசிக்கிறேன். புலவர்கள் கோபிக்காமல் இருக்கட்டும்.

சங்கப் பாட்டுகளில் இசை வேலை செய்யும் இடங்களைப் பாருங்கள். அகநானூற்றின் 102ஆம் பாட்டில், மலைப்பெண் கூந்தலை உலர்த்தியபடி குறிஞ்சிப் பண் பாடுகிறாள். தினை மேய வந்த யானை கதிரைத் தின்னாமலும், அங்கிருந்து நகராமலும், நின்றபடியே உறங்கிப்போகிறது. புறநானூற்றின் 281ஆம் பாட்டில், புண்பட்ட வீரன் கிடக்கும் வீட்டில் வேப்பிலை செருகி, யாழும் பல வாத்தியங்களும் ஒலிக்க, காஞ்சிப் பண் பாடிக் காவல் இருக்கிறார்கள். பொருநராற்றுப்படையில் பாலைப் பண் கேட்ட வழிப்பறிக் கள்வர் கையிலிருந்த ஆயுதத்தை நழுவ விடுகிறார்கள். மூன்றிலும் பண் தனியாக வரவில்லை. மலைச்சாரலில் குறிஞ்சி, சுரத்தில் பாலை, சாவின் வாசலில் காஞ்சி. கள்வர்களுக்கும் அது சின்ன வயதிலிருந்து கேட்ட பண்ணாகத்தான் இருந்திருக்கும்.

நம் செங்கல்பட்டுச் சீமைக்கு வருவோம். ஆடி மாதம் பிறந்துவிட்டால் கூடுவாஞ்சேரி, மறைமலைநகர், காட்டாங்குளத்தூர் என்று ஒவ்வொரு அம்மன் கோயிலிலும் கூழ் ஊற்றுவார்கள். குழாய் ஒலிபெருக்கியில் எல்.ஆர். ஈஸ்வரியின் குரல் விடியற்காலையிலேயே ஊரை எழுப்பிவிடும். கரகம் ஜோடிக்கும் நேரத்தில் பம்பையும் உடுக்கையும் தொடங்கும். கூட்டத்தில் சும்மா நின்றிருந்த ஒரு பெண்ணுக்குத் தோள் நடுங்கும், கண் செருகும், சாமி வந்துவிடும். பம்பைக்காரர் அவள் பக்கம் திரும்பி அடியை நெருக்குவார். எலுமிச்சம்பழம், விபூதி, கேள்விகள், பதில்கள். அந்தப் பெண்ணே மறுவாரம் டிவியில் பம்பை கேட்டால் காய் நறுக்கிக்கொண்டே தலையாட்டுவாள். சாமி வராது. ஆக, தாளம் மட்டும் போதவில்லை. வேப்பிலை வேண்டும், கூழ்ப்பானை வேண்டும், அந்த வாசல் வேண்டும், அவளை ஆடத் தெரிந்தவளாகப் பார்க்கும் ஊர்க் கண்கள் வேண்டும். பிரெஞ்சு இசை மானிடவியலாளர் ஜில்பேர் ரூஜே, இசையும் சன்னதமும் பற்றி 1980இல் ஒரு பெரிய நூல் எழுதினார். பல கண்டங்களின் சடங்குகளை ஒப்பிட்டு அவர் வந்த முடிவும் ஏறக்குறைய இதுதான்: எந்த இசைக்கும் தன் சொந்த பலத்தில் ஆளை ஆடவைக்கும் மந்திர சக்தி இல்லை, அந்தச் சமூகம் அதற்குக் கொடுத்திருக்கும் பொருளோடு சேர்ந்துதான் அது வேலை செய்கிறது.

அப்படியானால் ஒலிக்கு என்று எதுவுமே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. 1999இல் கனடாவைச் சேர்ந்த இரண்டு ஆய்வாளர்கள், இந்துஸ்தானி இசையே கேட்டிராதவர்களிடம் ராகங்களைப் போட்டுக்காட்டி, இது என்ன உணர்ச்சி என்று கேட்டார்கள். மகிழ்ச்சி, சோகம், கோபம் மூன்றையும் ஓரளவு சரியாகவே சொன்னார்கள். சாந்தத்தில் தடுமாறினார்கள். ஓட்டம் வேகமா, மெதுவா, மெட்டு எளியதா, சிக்கலானதா என்பதை வைத்து அந்நியர்களும் கொஞ்சம் ஊகிக்க முடிகிறது. ஆனால் ஊகிப்பது வேறு, உருகுவது வேறு. “இது சோகப் பாட்டு போலிருக்கிறது” என்று சொல்கிறவர் கண்ணில் நீர் இல்லை. நம் கண்ணில் நீர் வரும் இடத்தில் பாட்டோடு சேர்ந்து வேறு எதுவோ உள்ளே வருகிறது.

அது என்ன என்பதற்கு மூளை ஆய்விலிருந்து ஒரு குறிப்பு. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பெட்ர் ஜனாட்டா என்பவர், மாணவர்களை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, அவர்களுடைய 8 வயதுக்கும் 18 வயதுக்கும் இடையில் பிரபலமாக இருந்த பாட்டுகளைப் போட்டார். 2009இல் வந்த முடிவு: நெற்றிக்குப் பின்னால், மூளையின் நடுக்கோட்டை ஒட்டிய ஒரு பகுதி, பாட்டு சொந்த நினைவு எதையாவது கிளப்பியபோது கூடுதலாக இயங்கியது. நினைவு எவ்வளவு தெளிவோ, அவ்வளவு இயக்கம். மெட்டின் போக்கைப் பின்தொடர்வதும், தன் வாழ்க்கையை நினைத்துக்கொள்வதும் அங்கே சந்திக்கின்றன. லைப்சிக் நகர ஆய்வாளர்கள் 2015இல் இன்னொன்றைக் காட்டினார்கள். நெடுங்காலம் பழகிய பாட்டுகளை அடையாளம் காணும் மூளைப் பகுதிகள், அல்சைமர் நோயில் மற்ற பல பகுதிகளைவிடத் தாமதமாகவே பழுதடைகின்றன. மகன் பெயரை மறந்துவிட்ட தாத்தா, சரணம் வரைக்கும் தப்பில்லாமல் பாடுவதைப் பார்த்த குடும்பங்கள் இந்த அவையிலேயே இருக்கக்கூடும். உங்கள் வீட்டில் அப்படி யாராவது இருந்தால், “மனதுக்கு அமைதி தரும் இசை” என்று எதையோ வாங்கிப் போடாதீர்கள். அவர் பதினைந்திலிருந்து இருபத்தைந்து வயதுக்குள் எந்த ஊரில் இருந்தார், எந்த டூரிங் டாக்கீஸில் படம் பார்த்தார், எந்த வானொலி கேட்டார் என்று விசாரியுங்கள். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர் என்றால் இலங்கை வானொலியின் ‘பொங்கும் பூம்புனல்’ காலத்துப் பாட்டுகளில் தேடுங்கள். அவருடைய நிலத்தையும் பொழுதையும் கண்டுபிடித்தால் பாட்டு தானே கிடைக்கும்.

மாணவர்களே, உங்களுக்கு ஒரு செய்தி. உங்கள் வயதுக்காரர்களை வைத்து அமெரிக்காவில் கரோல் கிரும்ஹான்ஸலும் ஜஸ்டின் ஸுப்னிக்கும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், 1955 முதல் 2009 வரையான வெற்றிப் பாட்டுகளைப் போட்டார்கள். இளைஞர்கள் தங்கள் காலத்துப் பாட்டுகளில் லயித்ததில் வியப்பில்லை. தங்கள் பெற்றோர் இளமையில் கேட்ட 1980களின் பாட்டுகளிலும் அவர்கள் தனியாக ஒரு பற்றுக் காட்டினார்கள். அதற்கும் முந்தைய அறுபதுகளிலும் ஒரு சிறு எழுச்சி இருந்தது. அம்மா சமையலறையில் முணுமுணுத்தது, அப்பா காரில் போட்டது, எல்லாம் பிள்ளைகளுக்குள் இறங்கியிருக்கிறது. விடுதியில் இரவு இரண்டு மணிக்கு, தான் பிறப்பதற்கு இருபது வருஷத்துக்கு முந்தைய இளையராஜா பாட்டைக் கேட்டு வீட்டை நினைத்துக்கொள்ளும் மாணவருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. தமிழ், இந்திப் படக்காரர்களுக்கும் இது எப்போதோ தெரியும். சின்ன வயதில் பிரிந்த அண்ணன் தம்பிகள் குடும்பப் பாட்டைக் கேட்டு ஒன்றுசேரும் ‘நாளை நமதே’ 1975இல் வந்தது; அதன் மூலமான இந்திப் படம் 1973இல். மச்சம், தாயத்து, கிழிந்த போட்டோவைவிடப் பாட்டு நம்பகமான அடையாளம் என்று கொட்டகை முழுக்க ஒப்புக்கொண்டது.

இந்த நினைவுக்கு ஒரு கசப்பான பக்கமும் உண்டு. அதைச் சொல்லாமல் போனால் இந்தச் சொற்பொழிவு வெறும் இனிப்பாகிவிடும். பறையை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிலத்துக்கும் உரியதாக இலக்கணம் சொன்ன கருவி அது. புறநானூற்றின் 194ஆம் பாட்டில் ஒரு வீட்டில் சாப்பறையும் பக்கத்தில் மண முழவும் ஒரே வேளையில் கேட்கின்றன. பிற்காலத்தில் பறையைச் சாவு வாசலில் மட்டும் நிறுத்தி, அடிக்கும் கடமையை ஒரு சாதியின் தலையில் கட்டி, அடித்ததற்காகவே அவர்களைத் தாழ்த்தினோம். அந்த அடி காதில் விழுந்ததும் சிலருக்குச் சாவு நினைவு வந்தது. வேறு சிலருக்குத் தங்கள் அப்பா தெருக்கோடியில் கைகட்டி நின்ற நினைவு வந்தது. ஒரே ஓசை, ஒரே ஊர், இரண்டு நினைவுகள். நினைவு ராகத்துக்குள்ளோ தோலுக்குள்ளோ இல்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். அதனால்தான் மாற்றவும் முடிந்தது. சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று பறையைக் கீழே வைத்த கிராமங்கள் உண்டு. அதையே உரிமையின் குரலாக மேடைக்குக் கொண்டுவந்த சக்தி கலைக்குழு போன்ற குழுக்கள் உண்டு. 2025இல் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. இன்று கல்லூரி விழாவில் பறைக்கு ஆடும் பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு முப்பது வருஷம் கழித்து அந்த அடி எதை நினைவூட்டும்? தன் சிநேகிதிகளை, இந்த வளாகத்தை, ஒரு வெற்றியை. விருதைவிட அது பெரிய மாற்றம்.

இன்றைய கேள்வி ஒன்று மிச்சம் இருக்கிறது. முன்பு தெருவுக்கே ஒரு ரேடியோ. எல்லோருக்கும் ஒரே பாட்டு, ஒரே வேளை. இன்று ஒரே ரயில் பெட்டியில் நூறு காதுகளில் நூறு பாட்டு. தனித்தனி நினைவுகள் சேரத்தான் செய்யும். இயர்போனில் கேட்ட பாட்டும் உங்களை ஒருநாள் வண்டலூர் மேம்பாலத்துக்கு இழுத்துக்கொண்டு வரும். ஆனால் பக்கத்தில் இருப்பவரோடு பகிர்ந்துகொள்ளும் நினைவு குறையும். நான் இதற்காகப் பெரிதாகப் புலம்பப் போவதில்லை. எனக்குக் கவலை வேறு இடத்தில். தாலாட்டும் ஒப்பாரியும் நடவுப் பாட்டும் எந்தச் செயலியிலும் தாமாக வந்து விழுவதில்லை. தாலாட்டில் மாமன் சீர், ஒப்பாரியில் பிறந்த வீட்டுப் பெருமை, கொடுக்காத பங்கு, பட்ட அடி என்று ஒரு குடும்பத்தின் வரலாறே இருக்கிறது. நா. வானமாமலை போன்றவர்கள் ஊர் ஊராகத் திரட்டி அச்சேற்றியிராவிட்டால் அதில் பெரும்பகுதி போயிருக்கும். நடவு நட்ட வயல்கள் மனைகளாகிவிட்ட இந்த ஜி.எஸ்.டி. சாலை ஓரத்தில் அது இன்னும் வேகமாகப் போகிறது.

அதனால் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது உங்கள் பாட்டியிடமோ பக்கத்து வீட்டு ஆயாவிடமோ உட்காருங்கள். பாடச் சொல்லி போனில் பதிவு செய்யுங்கள். அனுமதி கேட்டுக்கொண்டு செய்யுங்கள். ஒப்பாரியை நல்ல நாளில் வீட்டுக்குள் பாட மாட்டார்கள், அதற்குத் தோட்டத்துப் பக்கம் போக வேண்டியிருக்கும். பாட்டை மட்டும் பதிந்துவிட்டு எழுந்து வந்துவிடாதீர்கள். யாரிடம் கற்றார், எந்த வயலில், எந்த வேலைக்கு நடுவே, எந்த வேளையில், யாருக்காகப் பாடினார், கடைசியாக எப்போது பாடினார் என்று கேட்டு எழுதுங்கள். அந்தப் பக்கத்தையும் ஒலிப்பதிவையும் சேர்த்துத் தமிழ்த்துறையில் கொடுங்கள். அவற்றைப் பெற்று, வரிசைப்படுத்தி, யாரும் கேட்கும்படி நூலகத்தில் வைக்க இந்த அறக்கட்டளையின் ஆண்டு வருவாயில் ஒரு பகுதியை ஒதுக்குமாறு அதன் பொறுப்பாளர்களை இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன்.